டிராக் ரேஸுக்குப் பழைய கார் பாடி: வாங்கும் முன் டிக்கிக்குள் தலையை விடுங்கள்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றைப் பிடித்து, கால் மைல் டிராக் ஓட்டத்துக்குத் தயார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பேச்சை இன்ஜினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை கியூபிக் இன்ச், எந்தக் கேம், எந்தக் கார்ப்பரேட்டர் என்று மணிக்கணக்கில் ஓடும். பாடி எது என்று கேட்டால், "ஒரு நோவா மலிவாக வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. இன்ஜின் உடையும், வேறு போட்டுக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் இரண்டு மூன்று முறை மாறும். ஆனால் பாடிக்குள் ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க்கூடு) வெல்டு ஏறிவிட்டால், பின்பக்கம் வெட்டி டயருக்கு இடம் செய்துவிட்டால், அந்தப் பாடியை விட்டு வெளியே வர முடியாது. அதனால் மற்ற எதையும்விட அதிக நேரம் பாடிக்குக் கொடுக்க வேண்டும்.

பாடி தேடக் கிளம்பும் முன் ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கார் கால் மைலை எத்தனை நொடியில் ஓட வேண்டும்? மற்ற எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்துத்தான். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 11.49 நொடியிலோ அதற்கும் வேகமாகவோ ஓடும் காருக்கு ரோல் பார் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளையம்) வேண்டும். கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள் என்றால் 13.49 நொடியிலேயே வேண்டும். பழைய காருக்கு 9.99 நொடிக்கு வந்துவிட்டால் முழு ரோல் கேஜும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேஸி சான்றும் கட்டாயம். 10.99 நொடியில், தொழிற்சாலை ஆக்ஸிலுக்குப் பதிலாக வெளிக்கடையில் வாங்கிய ஆக்ஸிலும், ஆக்ஸில் வெளியே கழன்று வராமல் பிடிக்கும் அமைப்பும் கேட்பார்கள். 12 நொடி ஓடுகிற கார் போதும் என்றால் பாதி நல்ல பாடியே போதும். 9 நொடிக்குப் போகும் எண்ணம் என்றைக்காவது வரும் என்றால், அதற்கான பாடியை இன்றே வாங்குங்கள். நடுவில் மாற்றுவது இரட்டைச் செலவு.

எந்தப் பந்தயம் என்பதும் முக்கியம். பிராக்கெட் ரேஸில், தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று ஓட்டுநரே முன்கூட்டிச் சொல்கிறார். அந்த நேரத்தை ஒட்டி, ஆனால் அதைவிட வேகமாகப் போய்விடாமல் ஓடுகிறவருக்குத்தான் வெற்றி. அங்கே எடை குறைவதைவிட ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி இருப்பதுதான் பெரிய விஷயம். நீளமான, கொஞ்சம் கனமான, நேராக ஓடுகிற கார் அங்கே மிகப் பொருத்தம். சூப்பர் ஸ்ட்ரீட் 10.90, சூப்பர் காஸ் 9.90 என்று நேரம் நிர்ணயித்த வகுப்புகளில் எடை ஒரு கணக்குக்கு வரும். ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் வகுப்புகளோ தனி உலகம். அங்கே தொழிற்சாலை எந்தப் பாடியில் எந்த இன்ஜினை வைத்து விற்றதோ அந்தச் சேர்க்கை இருக்க வேண்டும். கார் தேடும் முன் விதிப்புத்தகத்தை வாசித்தே ஆக வேண்டும்.

எடைக்கும் நேரத்துக்கும் உள்ள உறவைக் கையால் போட்டுப் பார்க்கலாம். எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 5.825 ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் சுமாராக வரும். 400 குதிரைத்திறன், ஓட்டுநரோடு 3000 பவுண்டு என்றால் 11.4 நொடி. அதே இன்ஜின் 3400 பவுண்டு காரில் 11.9 நொடி. 100 பவுண்டுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று பிட்டில் எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கிலிருந்துதான். அந்த அரை நொடியைக் குதிரைத்திறனால் ஈடுகட்ட இன்னும் 50க்கு மேல் வேண்டும். பாடி தேர்வில் கிடைக்கும் 400 பவுண்டு இலவசம்.

யாரும் சீண்டாத கார்தான் நல்ல கார்

விளம்பரங்களில் எஸ்எஸ், ஜிடி, 396 என்று வேகமான மாடல்களையும் பெரிய இன்ஜினையும் குறிக்கும் எழுத்துகள் விலையைத் தூக்கிவிடும். டிராக் காருக்கு அந்த எழுத்துகள் ஒரு பைசாவுக்கு உதவாது. இன்ஜின், ஆக்ஸில், இருக்கை எல்லாம் எப்படியும் வெளியே போகப் போகிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின், நீள பெஞ்ச் இருக்கை, ரேடியோகூட இல்லாத, ஒரு முதியவர் காய்கறி வாங்கப் போய்வந்த இரண்டு கதவு செடான்தான் தேட வேண்டியது. ஆறு சிலிண்டர் கார் பெரும்பாலும் அடிபடாமல் இருக்கும். யாரும் அதை வெறித்தனமாகக் கிளப்பியிருக்க மாட்டார்கள். பின்பக்கப் பிடிமானங்களில் விரிசல் விழ வாய்ப்பு குறைவு.

கதவுக்குப் பின்னால் நடுத்தூண் உள்ள செடான், தூண் இல்லாத ஹார்டுடாப், மடங்குகூரை என்ற மூன்றில், நடுத்தூண் உள்ளதே விறைப்பானது. எடையும் பெரும்பாலும் அதில்தான் குறைவு. தொழிற்சாலைகளே இதைக் காட்டியிருக்கின்றன. 1964இல் ஃபோர்டு 427 இன்ஜினை நடுத்தர அளவு ஃபேர்லேனில் திணித்து தண்டர்போல்ட் என்று 100 கார்கள் செய்தபோது எடுத்துக்கொண்டது ஹார்டுடாப்பை அல்ல, நடுத்தூண் உள்ள சாதா இரண்டு கதவு செடானை.

நான்கு கதவுக் கார் இன்னும் மலிவாகக் கிடைக்கும். பிராக்கெட் ரேஸுக்கு அது தவறில்லை. ஆனால் நடுத்தூண் முன்னால் தள்ளி நிற்பதால், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியதும் ஓட்டுநர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். ஐந்து முனைப் பெல்ட், ஹெல்மெட், பக்கக் குழாய் எல்லாவற்றோடும் அந்தக் குறுகிய கதவு வழியே அவசரத்தில் வெளியே வருவது கடினம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான் என்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

சன்ரூஃப், டி-டாப் (கழற்றும் கூரைப் பலகைகள்) வைத்த காரை விட்டுவிடுங்கள். கூரையில் ஓட்டை போட்ட பாடி முறுக்குக்குத் தாங்காது. வினைல் ஒட்டிய கூரையும் சந்தேகத்துக்குரியது. அதன் அடியில் ஈரம் தங்கி, மேலே ஒன்றும் தெரியாமலே தகடு பொடியாகியிருக்கும். விளிம்பில் விரலால் அழுத்தினால் குமிழி நெறுநெறுக்கும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தேடும்போது கையில் அசல் இன்ஜினோடு, அசல் ஆவணங்களோடு ஒரு உண்மையான எஸ்எஸ் கார் சிக்கினால் அதை வெட்டாதீர்கள். அதைச் சரிசெய்ய நினைப்பவரிடம் விற்றால், அந்தப் பணத்தில் இரண்டு ஆறு சிலிண்டர் பாடி வரும். அந்தக் காரும் பிழைக்கும்.

எந்தெந்தப் பாடி, ஏன்

1968 முதல் 1974 வரையான செவ்ரலே நோவா, முதல் முறை செய்கிறவருக்கு நாம் முதலில் சொல்லும் பெயர். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள நீளம்) 111 அங்குலம். முன்பக்கம் தனிச் சப்ஃப்ரேமாக, அதாவது இன்ஜினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் துணைச்சட்டமாக, போல்ட்டில் தொங்குகிறது. அதே சப்ஃப்ரேம் 1967 முதல் 1969 வரையான கமாரோவிலும் இருப்பதால், அதற்கு வரும் பாகம் எல்லாம் இதற்கும் வரும். இன்ஜின் அறை அகலம், பெரிய செவ்ரலே இன்ஜின்கூட இறங்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், சிக்கல் இல்லாத அமைப்பு. கமாரோவைவிட அழகு குறைவு என்பதால் விலையும் குறைவாக இருந்தது. இப்போது அதுவும் ஏறிவிட்டது.

1962 முதல் 1967 வரையான செவி டூ இன்னும் லேசானது, 110 அங்குலம். ஆனால் முன்பக்கக் கட்டமைப்பு முழுவதும் ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) போல்ட் போட்டு நிற்கிறது. வி8க்கு ஆயில் பான் தனியாகத் தேட வேண்டும். ஹெடர் குழாய்களுக்கு இடம் குறைவு. பின்னால் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். வலுவான இன்ஜினை வைத்தால் பட்டை எஸ் வடிவில் வளைந்து ஆக்ஸில் குதிக்கும். அதை மாற்றிய பிறகுதான் எதுவும் செய்ய முடியும்.

1979 முதல் 1993 வரையான ஃபாக்ஸ் மஸ்டாங், பாகம் கிடைப்பதில் யாரும் நெருங்க முடியாத பாடி. வீல்பேஸ் 100.5 அங்குலம். மூன்று வடிவங்களில் டிக்கி தனியாக உள்ள நாட்ச்பேக்கைத்தான் எடுங்கள்: லேசானது, விறைப்பானது. முன் சட்டம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் முடிந்துவிடுகிறது. பின் சட்டம் பின் இருக்கைப் பக்கம் தொடங்குகிறது. நடுவில் வெறும் தரைத்தகடுதான். இரண்டு சட்டங்களையும் இணைக்கும் சப்ஃப்ரேம் கனெக்டரை வெல்டு செய்யாமல் ஸ்லிக் (கோடுகள் இல்லாத மென்மையான பந்தய) டயரில் கிளப்பினால் கூரை ஓரத்தில் சுருக்கம் விழும். அதைவிடப் பெரிய நோய், பின் சஸ்பென்ஷன் கைகள் வந்து சேரும் டார்க் பாக்ஸ் என்ற தகட்டுப் பெட்டி. ஸ்பாட் வெல்டு பிரிந்து தகடு கிழியும். வாங்கும் முன் பின் இருக்கையைத் தூக்கி, கம்பளத்தை விலக்கி, விளக்கடித்துப் பாருங்கள். வெல்டு புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் வட்டமாக வெடித்திருந்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிழிசல் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் தகடு வைத்துப் பலப்படுத்தலாம். அதற்கு மேல் போயிருந்தால் விலையில் பேச வேண்டும். 1986 முதல் வந்த வி8 காரில் 8.8 அங்குல ஆக்ஸில் இருக்கும். அதன் குழாய்கள் நடு உறைக்குள் சுழன்றுவிடும், வெல்டு போட்டுப் பிடிக்க வேண்டும்.

1964 முதல் 1966 வரையான பழைய மஸ்டாங்கும் ஃபால்கனும் பார்க்க அழகு. இன்ஜின் அறையின் இரண்டு பக்கமும், முன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தாங்கும் ஷாக் டவர் நெருக்கிக்கொண்டு நிற்கும். சிறிய வி8 இறங்கும். பெரிய இன்ஜினுக்கு டவரை வெட்டி முன் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும்.

டாட்ஜ் டார்ட், பிளைமவுத் டஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அவற்றின் பின் பட்டை ஸ்பிரிங்கில் ஆக்ஸில் நடுவில் இல்லாமல் முன்னால் தள்ளி இருக்கும். முன்பாதி குட்டையாக, விறைப்பாக இருப்பதால் பெரிய செலவில்லாமலே நன்றாகப் பிடித்துக் கிளம்பும். கெட்ட செய்தி, ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் முன் டார்ஷன் கம்பிகள் கோர்த்திருக்கும் குறுக்குச்சட்டம் துருப்பிடித்தால் முன் சஸ்பென்ஷனுக்கு ஆதாரமே போய்விடும். ஆறு சிலிண்டர் காரில் பின் ஆக்ஸில் சிறியது. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

செவ்ரலே வேகா, 97 அங்குலம். பந்தய ஓட்டுநர் பில் ஜென்கின்ஸ் 1972 விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் புரோ ஸ்டாக் வகுப்பை வென்றது வேகாவில்தான். அந்தப் படத்தைப் பார்த்து வேகா வாங்குகிறவர்கள், அந்தக் காருக்குள் எவ்வளவு குழாய் வேலை இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சாலை வேகாவின் துரு பேர்போனது. முன் மட்கார்டுகளை நிறுவனமே மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. முழுக் குழாய்ச் சேஸி செய்து மேலே தோலாகப் போர்த்த மட்டும் என்றால் வேகா சரி.

வீல்பேஸ் என்ன செய்யும்

கார் கிளம்பும்போது எடை பின்னுக்குப் போகிறது. எவ்வளவு என்பதற்குக் கணக்கு இது: காரின் எடை, ஈர்ப்புமையத்தின் உயரம், முடுக்கம் மூன்றையும் பெருக்கி, வீல்பேஸால் வகுக்க வேண்டும். 3000 பவுண்டு கார், ஈர்ப்புமையம் தரையிலிருந்து 20 அங்குலம், 1.2 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.2 மடங்கு) கிளப்பல் என்று வையுங்கள். 110 அங்குல வீல்பேஸில் 655 பவுண்டு பின்னுக்குப் போகும். 97 அங்குலத்தில் 742 பவுண்டு. குட்டைக் கார் எளிதாகப் பிடிக்கும், ஆனால் எளிதாக மூக்கையும் தூக்கும். தூக்கிய மூக்கு கொஞ்சம் கோணலாக இறங்கினால் குட்டைக் காரைத் திருப்பிப் பிடிக்க நேரம் இருக்காது. நீளக் கார் சோம்பலாகத் திரும்பும், ஓட்டுநருக்குச் சரிசெய்ய அவகாசம் கொடுக்கும். முதல் கார் என்றால் 105 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பதே நம் கருத்து. ஃபாக்ஸ் மஸ்டாங் மட்டும் விதிவிலக்கு, அதற்குத் தீர்வுகள் கடையிலேயே கிடைப்பதால்.

பின்சக்கரத்தின் மேல் எடை வேண்டும் என்ற ஆசை எந்த எல்லைக்குப் போகும் என்பதை 1965இல் கிரைஸ்லர் காட்டியது. பின் ஆக்ஸிலை 15 அங்குலமும் முன் ஆக்ஸிலை 10 அங்குலமும் முன்னுக்குத் தள்ளினார்கள். பார்க்க விநோதமாக இருந்த அந்தக் கார்களிலிருந்துதான் ஃபன்னி கார் என்ற டிராக் கார் வகையின் பெயர் வந்தது. இன்று சாதா வகுப்புகளில் வலது இடது வீல்பேஸ் வித்தியாசம் ஓர் அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

டயருக்கு இடம் இருக்கிறதா

பாடி பார்க்கப் போகும்போது டேப் கையில் இருக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மட்கார்டின் உள்விளிம்பிலிருந்து உள்பக்கச் சுவர் வரை, ஸ்பிரிங் வரை, சட்டம் வரை என்று மூன்று அளவு எடுங்கள். கிடைக்கிற மிகக் குறைந்த அளவில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் கழித்தால், அதுதான் டயரின் அகலம். ஸ்லிக் டயர் கிளம்பும்போது சப்பி, பக்கவாட்டில் உப்பும். வேகமெடுக்கும்போது உயரமாக வளரும். நின்ற நிலையில் கச்சிதமாக உட்கார்ந்த டயர் ஓடும்போது மட்கார்டைச் சீவும்.

உயரமும் ஒரு கணக்கு. 4.10 ஆக்ஸிலில் 125 மைல் வேகத்தில் 28 அங்குல டயர் என்றால் இன்ஜின் 6150 சுற்று. 26 அங்குலம்தான் நுழையும் என்றால் அதே வேகத்தில் 6620 சுற்று. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் வழுக்குவதால் கூடும் சுற்று அதற்கு மேல். குட்டை டயர்க் குழி உள்ள பாடி, இன்ஜின் செலவையும் தீர்மானிக்கிறது என்பது இப்படித்தான்.

மினி டப் என்றால் உள்பக்கச் சுவரை மட்டும் வெட்டிச் சட்டம் வரை தள்ளுவது. பட்டை ஸ்பிரிங் உள்ள காரில் ஸ்பிரிங்கையும் உள்ளே நகர்த்தலாம். அதற்கும் போதாவிட்டால் பின் இருக்கைக்குப் பின்னால் முழுதும் வெட்டிப் புதுச் சட்டம் போடுவது. அதுவரை போகத் திட்டமிருந்தால், பின் தரை துருப்பிடித்த மலிவான காரே போதும். எப்படியும் அது குப்பைக்குத்தான் போகிறது. ஆனால் முன் தரை, கதவுப்படி, ஃபயர்வால் உறுதியாக இருக்க வேண்டும். கேஜ் நிற்பது அவற்றின் மேல்தான்.

துரு பார்க்கும் விதம்

டொராண்டோ, மிச்சிகன், ஓஹையோ பக்கம் பனிக்கு உப்புத் தூவுகிற சாலைகளில் ஓடிய கார் என்றால், வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் பக்கத்தில் கிடைக்கிறதே என்று வாங்கி, வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கைத் தகட்டுக்கே கொட்டுகிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, நெவாடா கார்களில் பெயிண்ட் உரிந்து, டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்து, இருக்கை கிழிந்து கிடக்கும். டிராக் காருக்கு அவை எதுவும் தேவையில்லை. தகடு மட்டும் உலர்ந்து கனகச்சிதமாக இருக்கும். லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவந்தாலும் லாபம்.

பார்க்க வேண்டிய முதல் இடம் டிக்கி. விரிப்பைத் தூக்கி, பின் கண்ணாடிக்குக் கீழே விளக்கடித்துப் பாருங்கள். கண்ணாடி ரப்பர் வழியே இறங்கிய தண்ணீர் டிக்கி தரையின் ஓரத்திலும் பின் சட்டத்தின் மேற்பக்கத்திலும் தேங்கும். அங்கேதான் ஸ்பிரிங்கின் பின்முனையும் ஷாக்கும் மாட்டியிருக்கின்றன. மழுங்கிய ஸ்குரூடிரைவரால் சட்டத்தை ஓங்கிக் குத்துங்கள். நல்ல தகடு 'டங்' என்று திருப்பியடிக்கும். செத்த தகட்டில் சத்தம் மந்தமாக இருக்கும், அல்லது முனை உள்ளே இறங்கும். விற்பவர் முகம் சுளித்தால் குத்தியது சரியான இடம்.

அடுத்தது, பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை வந்து சேரும் பெட்டி. காரை முன்னே தள்ளும் விசை முழுவதும் டயரிலிருந்து ஆக்ஸில் வழியாக இந்த இரண்டு போல்ட்டுக்குத்தான் வருகிறது. 3000 பவுண்டு கார் 1.2 ஜியில் கிளம்பினால் பக்கத்துக்கு 1800 பவுண்டு, அதுவும் சம்மட்டி அடியாக. அந்தப் பெட்டி துருப்பிடித்திருந்தால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை, கிளம்பிவிடலாம்.

மூன்றாவது, கண்ணாடிக்கு முன்னால் காற்று இழுக்கும் கவுல். ஒரு பாட்டில் தண்ணீரை அந்தச் சல்லடை வழியே மெதுவாக ஊற்றுங்கள். நல்ல கார் என்றால் கதவுக்கு முன்னால், காருக்கு வெளியே நிலத்தில் வடியும். முன் கம்பளம் நனைந்தால் கவுலில் ஓட்டை. ஆரம்ப மஸ்டாங், ஃபால்கன், நோவா எல்லாவற்றிலும் இது பொது நோய். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்பாட் வெல்டாகத் துளைத்தெடுக்க வேண்டும். நல்ல டிங்கர்களே தயங்கும் வேலை இது.

மட்கார்டு, கதவு, பானெட் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். முன் மட்கார்டும் பானெட்டும் எப்படியும் ஃபைபரில் மாறும். கதவுக்கு இன்னொரு கார் கிடைக்கும். பட்டி பூசியிருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய துணி சுற்றிய ஃபிரிட்ஜ் காந்தம் போதும். கதவுப்படி நெடுக அதை நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் உள்ளே இரும்பு இல்லை.

பாடி நேராக இருக்கிறதா

இதற்குத் தூக்குக்குண்டும் சாக்பீஸும் டேப்பும் போதும். சமமான கான்கிரீட் தரையில் காரை நிறுத்துங்கள். முன் கீழ்க்கையின் போல்ட், ஸ்பிரிங் முன்முனை போல்ட், பின்முனை போல்ட் என்று பக்கத்துக்கு மூன்று இடத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வையுங்கள். குண்டு ஆடி நிற்கும் வரை பொறுத்திருங்கள், அவசரப்பட்டால் அளவே தப்பு. காரைத் தள்ளிவிட்டு, புள்ளிகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். இடது முன் முதல் வலது பின் வரை ஓர் அளவு, வலது முன் முதல் இடது பின் வரை இன்னோர் அளவு. கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அந்தக் காலத் தொழிற்சாலையே அவ்வளவுதான், நல்ல கார். அரை அங்குலத்தைத் தாண்டினால் அடிபட்ட கார். பாடியை நேராக்கும் ஜிக் சட்டத்தில் ஏற்றாமல் சரியாகாது.

பிறகு பின் மூலையில் ஒன்றை ஜாக்கியால் டயர் தரையைவிட்டு எழும்பும் வரை தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். பூட்டு இடித்தால், கதவின் மேல்மூலை இடைவெளி ஒரு தீக்குச்சி கனத்துக்கு மேல் விரிந்தால், கதவுப்படி உள்ளே செத்திருக்கிறது. மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். பின் கண்ணாடி ஓரத்தில் கூரையும் பின் தகடும் சேருமிடத்தைச் சாய்வாகப் பாருங்கள். நீர் அலை போலச் சுருக்கம் இருந்தால் ஸ்லிக் டயரில் வலுவாக ஓடிய கார், விறைப்பூட்டாமல்.

பாதியில் நின்ற கார்

கேஜ் போட்டு, பின்பக்கம் வெட்டி, பணம் தீர்ந்தோ ஆர்வம் தீர்ந்தோ நின்றுபோன கார்கள் நிறைய விற்பனைக்கு வரும். நல்ல கையில் இருந்தால் இதைவிட லாபமான கொள்முதல் இல்லை. மோசமான கையில் இருந்திருந்தால், பிறர் வெல்டு செய்ததை அறுத்தெடுப்பதே ஒரு மாத வேலை.

குழாயின் கனத்தை முதலில் கேளுங்கள். கேஜுக்குக் குறைந்தது 1.625 அங்குல விட்டம். சாதா எஃகு என்றால் 0.118 அங்குலச் சுவர், 4130 குரோமாலி (வலுவான கலப்பு எஃகு) என்றால் 0.083. சோதிக்கிறவர்கள் ஒலிக்கருவி வைத்து அளப்பார்கள், வாய்ச்சொல் செல்லாது. குரோமாலியை டிக் வெல்டில்தான் ஒட்டியிருக்க வேண்டும். அதில் மிக் வெல்டு இருந்தால் சான்று கிடைக்காது. அழகுக்காகக் கிரைண்டரால் மழித்த வெல்டு எதிலும் செல்லாது. தண்ணீர்க் குழாயில் செய்த கேஜ்கூடக் கண்ணில் பட்டிருக்கிறது. எடை, பளபளப்பு எல்லாம் சரியாக இருக்கும், உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்காது.

பிரதான வளையம் ஹெல்மெட்டுக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பின்தாங்கிகள் வளையத்தின் உச்சியிலிருந்து 5 அங்குலத்துக்குள் சேர வேண்டும். பக்கக் குழாய், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஓட்டுநரைக் கடக்க வேண்டும். பழைய ஓட்டுநர் குள்ளமாக இருந்து நீங்கள் உயரமாக இருந்தால், அவருக்குச் சரியான கேஜ் உங்களுக்குச் செல்லாது. இருக்கையில் உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டு, அளந்து பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும். சட்டம் இல்லாத பாடியில் குழாய் தரையைத் தொடும் இடத்தில் 6 அங்குலச் சதுர, 0.125 அங்குலத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய தரையில் நேரே ஒட்டிய குழாய் விபத்தில் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே போகும்.

காகிதம்

ஸ்ட்ரிப்பில் மட்டும் ஓடும் காருக்கு உரிமைப் பத்திரம் எதற்கு என்று கேட்பார்கள். விற்கும்போது தெரியும். பத்திரம் உள்ள பாடியும் இல்லாத பாடியும் ஒரே விலைக்குப் போவதில்லை. பத்திரத்தில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். 1968 முதல் வந்த செவ்ரலேயில் அது டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியே தெரியும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் இருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றுவது குற்றம். கேஜ் வேலையில் தூண் பக்கம் கை வைப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது கண்ணாடி, பூட்டு, கீல், ரப்பர் வார்ப்பு எல்லாம் உள்ள முழுக் காராக வாங்குங்கள். தனித்தனியாக ஒவ்வொரு சிறு பிராக்கெட்டையும் தேடுவது பெரும்பாடு. நோவா, கமாரோ, மஸ்டாங்குக்குத் தகடு முதல் ரப்பர் வரை புதிதாக வருகிறது. ஃபோர்டு மேவரிக், வேகா போன்றவற்றுக்கு ஒரு முன் கண்ணாடி உடைந்தாலே அலைச்சல்.

கார் வீட்டுக்கு வந்ததும் வெட்டும் இயந்திரத்தை எடுக்காதீர்கள். முதலில் சக்கரங்களின் மேலேயே, ஓடும் உயரத்திலேயே நிறுத்துங்கள். சட்டத்துக்கடியில் முட்டுக்கொடுத்து வெட்டினால், எடை தொங்கும் விதம் மாறி பாடி அந்த வளைவிலேயே உறைந்துவிடும். கதவுகளைக் கழற்றி, கதவுவாயில் ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலச் சதுரக் குழாயை மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் வெல்டு செய்யுங்கள். இரண்டு பக்கத்தையும் இணைத்து உள்ளே இன்னொன்று போடுங்கள். தூக்குக்குண்டு அளவை மறுபடி எடுத்து, சுவரில் எழுதி வையுங்கள். அதன் பிறகு தரையின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, புதுத்தகட்டை ஒட்டி, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி முன்பிருந்த மாதிரியே இருந்தால் மறுபக்கத்தை வெட்டலாம்.